கொழுக்கட்டை எழுத்து

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. அதைவிட, எழுத உட்கார்ந்தால் சோம்பல். போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதித் தொலைச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான கொசுவத்தி, பொறுத்துக்குங்க.

எங்க ஆபீஸில் வருஷாந்திர விழாவுக்கு போஸ்டர் போடுறாங்க. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு ரெண்டு மூணு மாதிரி செஞ்சு எடுத்துட்டு வந்து, "சார், இது எப்படி இருக்கு பாருங்க, செம வின்டேஜ் லுக்"னு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மஞ்சள் பின்னணி, அதில் தடிதடியா, உப்பலா, மூலையே இல்லாத பழுப்பு நிற எழுத்து.

"இது பேரு கூப்பர் பிளாக், சார்."

"தெரியும்மா. எங்க ஊர்ல இதுக்குக் கொழுக்கட்டை எழுத்துன்னு பேரு."

அவளுக்குக் கொழுக்கட்டை புரியலை. நாக்பூர்க்காரி. மோதக்னு சொன்னதும் சிரிச்சா. போஸ்டர் ஓகே ஆயிடுச்சு. எனக்குத்தான் அன்னைக்கு வேலை ஓடலை.

கூப்பர் பிளாக்னு பேர் தெரியாட்டியும் நீங்க எல்லாரும் அந்த எழுத்தைப் பார்த்திருப்பீங்க. ஈஸிஜெட் விமானத்தின் உடம்பு மேல இருக்குமே, அது. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு, 1966-ல் வந்தது, அட்டையில் அவங்க ஆடுகளுக்குத் தீனி போட்டுக்கிட்டு நிப்பாங்க. அதுக்கு மேல பச்சைப் பட்டையில் நெருக்கி அடிச்ச எழுத்து, அதுவும் இதுதான். நம்ம ஊர் பேக்கரி, ஃபேன்சி ஸ்டோர், நர்சரி ஸ்கூல் போர்டில் எல்லாம் இதன் சொந்தக்காரங்க இருப்பாங்க. வட இந்தியாவிலும் அப்படித்தான், பூனாவிலேயே ஒரு தெருவுக்கு ரெண்டு காட்டுவேன்.

என் அப்பா கோவில்பட்டியில் போர்டு எழுதுறவர். பேருக்குப் பின்னாடி 'ஆர்ட்ஸ்'னு போட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பத்துக்குப் பத்து கடை. சைக்கிள் கடை, மருந்துக் கடை, ரைஸ் மில், தீப்பெட்டி ஆபீஸ், லாரி பின்பக்கம், தேர்தல் வந்தா சுவர். எல்லாக் கட்சிக்கும் எழுதுவார். ஒரே சுவரில் முந்தின தேர்தலுக்கு எழுதினதைச் சுண்ணாம்பு அடிச்சு அழிச்சு, அடுத்த கட்சிக்கு எழுதின கதையெல்லாம் உண்டு.

அவர் சின்ன வயசில் ஒரு மாஸ்டர்கிட்ட வேலை கத்துக்கிட்டார். அந்த மாஸ்டர் மெட்ராஸ் போய்ட்டு வரும்போது, விளம்பரக் கம்பெனியில் யாரோ உபயோகிச்சு மிச்சம் வச்ச ஒரு லெட்ராசெட் ஷீட் கொண்டுவந்தாராம். லெட்ராசெட் தெரியாத இளசுகளுக்கு: பிளாஸ்டிக் தாளில் எழுத்துகள் ஒட்டியிருக்கும். வேணுங்கிற இடத்தில் வச்சு மேலே தேய்ச்சா எழுத்து மட்டும் காகிதத்தில் இறங்கிடும். இங்கிலாந்துக் கம்பெனி, 1961 வாக்கில் இந்த உலர் முறையைக் கொண்டுவந்தாங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி டிசைன் வேலை செஞ்சவங்களுக்கு அதுதான் சாமி.

உபயோகிச்சு மிச்சம் இருக்கிற ஷீட்டில் என்ன இருக்கும்? யோசிச்சுப் பாருங்க. ஏ, ஈ, எஸ், டி, ஆர் எல்லாம் முதல்லயே காலி. கியூ, எக்ஸ், இசட், ஜே, கே, வி, அப்புறம் கீழ் வரிசையில் ரெண்டு மூணு நம்பர். மாஸ்டர் அதைத் தூக்கி அப்பாகிட்டக் கொடுத்துட்டார், "இதை வச்சு நீ என்னடா பண்ணப் போறே"ன்னு.

அப்பா மிச்ச எழுத்தை எல்லாம் தானே செஞ்சார். கியூவோட வாலை வெட்டினா ஓ. ஓவைத் திறந்தா சி, சியில கொஞ்சம் சேர்த்தா ஜி. வியைக் கவுத்து நடுவுல ஒரு கோடு போட்டா ஏ. கேயோட நிமிர்ந்த தண்டை எடுத்துக்கிட்டு, இசட்டோட படுக்கைக் கோட்டை ஒட்டவச்சு ஈ, எஃப், எல். எஸ்ஸுக்குத்தான் ஷீட்டில் ஒரு துப்பும் இல்லை. எட்டாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சாம். அதை ரெண்டு பக்கமும் வெட்டி எஸ் ஆக்கிட்டார். அதனால அவர் எஸ் எப்பவும் கொஞ்சம் எட்டு மாதிரியே இருக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கம் இன்னும் எங்கயாவது தகர போர்டில் அந்த எட்டு மாதிரி எஸ் தெரிஞ்சா, அது எங்க அப்பா. அல்லது அவர்கிட்டக் கத்துக்கிட்ட யாரோ.

அதுக்குப் பேரு தெரியாது. அவரே வச்ச பேர்தான் கொழுக்கட்டை.

தமிழிலும் அதையே கொண்டுவந்தார். அதுதான் கஷ்டம். இங்கிலீஷில் ஓ ஒரு ஓட்டை, பி ரெண்டு ஓட்டை, அவ்வளவுதான். நம்ம மூணு சுழி 'ண'வைத் தடியா எழுதிப் பாருங்க, உள்ளே இடமே இருக்காது, தூரத்தில் நின்னா ஒரு கரி உருண்டை. 'இ'யும் அப்படி, 'ஞ'வும் அப்படி. அப்பா வெளிக்கோட்டை மட்டும் தடிக்க விட்டு, உள்ளே போகப் போகச் சன்னமாக்கிடுவார். "வயித்துக்கு வெளிய கொழுப்பு இருக்கலாம்யா, உள்ள போற வழி அடைபடக் கூடாது"ம்பார். மருந்துக் கடை போர்டு எழுதும்போது சொன்னது. கடைக்காரர் டாக்டர் சொன்ன மாதிரியே இருக்குன்னு சிரிச்சார்.

இன்னொண்ணும் அவர்கிட்டக் கத்துக்கிட்டேன். எழுதுறதுக்கு முன்னாடி சாக்பீஸ் பொடி தடவின நூலை ரெண்டு முனையில் இழுத்துப் பிடிச்சுச் சுண்டுவார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு விழும். பிடிக்கிறது என் வேலை. ஹெச், ஐ எல்லாம் கோட்டைச் சரியாத் தொடும். ஓ மட்டும் மேலயும் கீழயும் கோட்டைத் தாண்டும். தப்புன்னு நினைச்சுச் சொன்னேன். "வட்டத்தைக் கோட்டுக்குள்ள அடக்கினா குட்டையாத் தெரியும். கொஞ்சம் தாண்டி விட்டாத்தான் கண்ணுக்குச் சமமா இருக்கும்." எழுத்துரு வடிவமைக்கிறவங்க எல்லாருக்கும் இது பாலபாடம்னு ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சேன். எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுஷனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? கண்ணுதான்.

இப்போ கூப்பர் கதைக்கு வர்றேன், ஏன்னா அதைப் படிச்சப்பதான் எனக்குச் சில விஷயம் உறைச்சது.

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். எல்லாரும் ஆஸ் கூப்பர்னு கூப்பிடுவாங்க. 1879-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கான்சாஸில் ஒரு சின்ன ஊரில் வளர்ந்தவர். படம் போடக் கத்துக்கணும்னு சிகாகோ வந்தார். வந்த இடத்தில் படத்தைவிட எழுத்து நல்லா வருதுன்னு தெரிஞ்சது. 1904-ல் ஃப்ரெட் பெர்ட்ஷ்ங்கிறவரோட சேர்ந்து 'பெர்ட்ஷ் அண்ட் கூப்பர்'னு கம்பெனி ஆரம்பிச்சார். கவனிங்க, அவர் அச்சு வார்க்கிறவர் இல்லை. விளம்பரத்துக்குக் கையால எழுத்து எழுதித் தர்றவர். பேக்கார்டு கார் கம்பெனி விளம்பரத்துக்கு அவர் கையால எழுதின எழுத்து ரொம்பப் பிரபலமாகி, அதைப் பார்த்தே 1913-ல் இன்னொரு பெரிய கம்பெனி 'பேக்கார்டு'ங்கிற பேரில் ஈய அச்சு வார்த்துச்சு.

சுருக்கமா, அவரும் ஒரு போர்டு எழுதுற ஆளுதான். எங்க அப்பா தகரத்தில் எழுதினார், அவர் பத்திரிகையில் எழுதினார்.

சிகாகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்னு ஒரு அச்சு வார்ப்புக் கம்பெனி அவரைப் பிடிச்சுப் போட்டு, 1919-ல் கூப்பர் ஓல்ட் ஸ்டைல் வந்தது. 1922-ல் அதையே ஊதிப் பெருக்கின மாதிரி கூப்பர் பிளாக். வித்துத் தள்ளிடுச்சு. பார்த்துட்டு மத்தவங்க சும்மா இருப்பாங்களா? லட்லோ கம்பெனி 1924-ல் லட்லோ பிளாக், மோனோடைப் கம்பெனி 1925-ல் கௌடி ஹெவிஃபேஸ், ஆளாளுக்குக் குண்டு எழுத்து. அந்தக் கௌடி வேற யாரும் இல்லை, கூப்பர் படிச்ச பள்ளியில் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார்! பழமையான ரசனைக்காரங்க மூக்கைச் சுளிச்சாங்க. கூப்பரே, இது தூரப்பார்வை உள்ள அச்சகக்காரங்களுக்கும் அவங்களோட கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களுக்குமான எழுத்துன்னு கேலியாச் சொல்லிக்கிட்டதாச் சொல்வாங்க. அடுத்தாப்ல 1925-ல் கூப்பர் ஹைலைட்னு ஒண்ணு வந்தது. எழுத்து உடம்புக்குள்ள ஓரமா ஒரு வெள்ளைக் கீற்று, விளக்கு வெளிச்சம் பட்ட மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்னுடுச்சு. எங்க அப்பா எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியா, மெல்லிசு பிரஷ்ஷால இடது ஓரமா ஒரு வெள்ளை இழுப்பு இழுப்பாரே, அதே கீற்று. "எண்ணெய் தடவுன கொழுக்கட்டை"ம்பார்.

கூப்பர் 1940-ல் போய்ச் சேர்ந்துட்டார். எழுத்தும் அதுக்கப்புறம் கொஞ்சகாலம் பழசாகிக் கிடந்து, அறுபது எழுபதுகளில் லெட்ராசெட், போட்டோ முறை அச்சுக்கோப்பு எல்லாம் வந்ததும் திரும்ப எழுந்துச்சு. இங்கிலாந்தில் 'டாட்ஸ் ஆர்மி' டிவி தொடர், அமெரிக்காவில் பனியன் மேல இஸ்திரி வச்சு ஒட்டுற எழுத்து, எங்க பார்த்தாலும் இதுதான். அப்படிப் பொங்கி வழிஞ்சதில் ஒரு சொட்டுதான் கோவில்பட்டிக்கு மிச்ச ஷீட்டா வந்து சேர்ந்திருக்கு.

சரி, இப்போ சொல்லக் கூச்சப்படுற விஷயம்.

இன்ஜினியரிங் காலேஜில் சேரும்போது அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்கும். நான் 'பிசினஸ்'னு எழுதினேன். ஹாஸ்டலில் எவனாவது கேட்டா "ஊர்ல சின்னதா அட்வர்டைசிங்". பொய் இல்லைதானே? :-) கையில் பெயிண்ட் கறையோட அவர் ஹாஸ்டலுக்கு வந்த ஒரே நாள், அவரைக் கேன்டீன் பக்கம் கூட்டிட்டுப் போகாம பஸ் ஸ்டாப்பிலேயே வச்சுப் பேசி அனுப்பினேன். இதை அவர் எப்பவும் சொல்லிக் காட்டினதில்லை. சொல்லிக் காட்டியிருந்தா தேவலை.

1999-ல் பூனா வந்தேன். 2003-ல் ஊரில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். பையன் சம்பாதிக்கிறான்னு தெரியணுமே. அம்மாவுக்குச் சீட்டாட்டம் காட்டினேன். அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவச்சு எழுத்துருப் பட்டியலைத் திறந்தேன். அதில் கூப்பர் பிளாக் இருந்தது. எழுபத்திரண்டு அளவில் வச்சு ஊர்ப் பேரை இங்கிலீஷில் அடிச்சேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை.

"எஸ் அடி."

அடிச்சேன்.

"நுனியில பாதம் இருக்கு"ன்னார். எஸ்ஸோட ரெண்டு முனையிலும் இருக்கிற சின்னக் கூரை விரலால தடவிப் பார்த்தார், திரை மேலேயே. "ஏ அடி. ஆர் அடி." ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே இருந்தார். அவர் வாழ்நாள் பூரா ஊகிச்சு எழுதின எழுத்துகளின் நிஜ முகத்தை அன்னைக்குத்தான் முதல்முறையாப் பார்க்கிறார்னு எனக்குத் தோணவே இல்லை. ஷீட் கதையே எனக்கு அப்போ தெரியாது. எனக்குப் பொறுமை போயிடுச்சு. "பாருங்கப்பா, இவ்வளவுதான். உங்களுக்கு ஒரு நாள் ஆகுற வேலை, இதுல ரெண்டு நிமிஷம்"னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

"நல்லாருக்குய்யா"ன்னுட்டு எழுந்து போயிட்டார்.

அடுத்த வருஷம் கடையை மூடினார். அப்போ எங்க ஊருக்கும் ஃப்ளெக்ஸ் வந்தாச்சு. காலையில் கொடுத்தா சாயங்காலம் படத்தோட பேனர். போர்டு எழுதுறவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா மூடினாங்க. அதனால ஃப்ளெக்ஸ்தான் காரணம்னு நானும் நினைச்சேன், அவரும் அப்படித்தான் சொன்னார்.

2011-ல் அம்மா போனதுக்கப்புறம் அவரைப் பூனாவுக்குக் கூட்டிட்டு வந்தேன். வாகட்டில் எங்க ஃபிளாட், நாலாவது மாடி. பொண்ணுக்கு அப்போ ஒன்பது வயசு. மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூணும் தண்ணிபட்ட பாடு. தமிழ் பேசுவா, படிக்கத் தெரியாது. நம்ம குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டு நிலவரம் அதுதான், மறைக்க ஒண்ணுமில்லை. தாத்தா பால்கனியில் உட்கார்ந்து எதிரே இருக்கிற கடை போர்டுகளையே பார்த்துக்கிட்டு இருப்பார்.

"இவுக எழுத்து எல்லாம் கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருக்குல்லா"ன்னார் ஒருநாள். நாகரி எழுத்துக்கு மேலே ஓடுற கோட்டைச் சொல்றார். உண்மைதான். இங்கிலீஷ் எழுத்து தரையில் நிக்குது, இது கொடியில் தொங்குது. பேத்திக்கு அந்த உவமை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஸ்கூலில் போய்ச் சொல்லி டீச்சர்கிட்டப் பாராட்டு வாங்கிட்டு வந்தா.

கணேஷ் சதுர்த்தி வந்தது. பூனாவில் அது எப்படிக் கொண்டாடுவாங்கன்னு இங்கே இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்க சொசைட்டி செக்ரட்டரி, பக்கத்து ஃபிளாட் மராத்திக்காரர், தாத்தா பெயின்டர்னு என் பொண்ணு பெருமையடிச்சதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டார். மண்டபத்துக்கு முன்னாடி 'கண்பதி பாப்பா மோரயா'ன்னு ஒரு போர்டு கையால எழுதித் தரணுமாம். ப்ளைவுட் பலகை, பெயிண்ட் எல்லாம் அவங்க செலவு. "காகாஜி, பழைய காலத்து மாதிரி வேணும்."

அப்பா முடியாதுன்னுட்டார். எனக்குச் சங்கடம். பாஷை தெரியாதுன்னு தயங்குறார்னு நினைச்சு, "நான் பிரின்ட் எடுத்துத் தர்றேன்பா, பார்த்து அப்படியே வரைஞ்சா போதும்"னேன். முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பக் கேட்டேன், கொஞ்சம் கோபமாவே. இவ்வளவு வருஷம் எழுதின மனுஷனுக்கு ஒரு போர்டு எழுத என்ன?

"மேல அந்தக் கோடு இருக்கேய்யா. அதுதான் ஆகாது."

வலது கையை நீட்டினார். டம்ளரை எடுக்கப் போனார். கை நடுங்கிச்சு. சும்மா மடியில் கிடக்கும்போது ஒண்ணும் இல்லை, ஒரு காரியம் செய்யப் போனா நடுக்கம். பூனாவுக்கு வந்ததிலிருந்து அவர் டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிக்கிறார், குளிருக்குன்னு நினைச்சிருந்தேன்.

"எப்போ இருந்துப்பா?"

"அது ஆச்சு, பத்துப் பன்னெண்டு வருஷம்."

கணக்குப் போட்டுப் பாருங்க. நானும் போட்டேன். கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட நாளுக்கு மூணு நாலு வருஷம் முந்தியே ஆரம்பிச்சிருக்கு.

அப்புறம் அவரே சொன்னார். கூர் எழுத்து, நேர்க்கோட்டு எழுத்து எழுதினா நடுக்கம் அப்பட்டமாத் தெரிஞ்சிடும். கொழுக்கட்டையில் தெரியாது. அதில் நேர்க்கோடே கிடையாது, மூலையே கிடையாது, அடிப்பாதம் கூடத் தட்டையா உட்காராம உருண்டுதான் இருக்கும். ஒரு எழுத்து நூலுக்கு ஒரு நூல் மேலே போனாலும் கீழே போனாலும் யாருக்கும் தெரியாது. அதனால கடைசி நாலு வருஷம் வந்த வாடிக்கையாளர் எல்லாரையும், "இதுதான் இப்போ ஃபேஷன்"னு சொல்லிச் சொல்லி அந்த ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்திருக்கார். அம்மாவுக்குக் கூடத் தெரியாது. கை நடுங்குற பெயின்டர்னு ஊரில் ஒரு வார்த்தை கிளம்பினா வேலை கொடுப்பாங்களா?

கூப்பர் பிளாக் பத்திப் படிக்கும்போது நிபுணர்களும் இதையேதான் எழுதுறாங்க. அடி உருண்டையா இருக்கிறதால தட்டையான அடிக்கோடு கண்ணுக்குத் தெரியாது, ஓவுக்குள்ள இருக்கிற ஓட்டை கூட நேரா நிக்காம லேசா இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கும், ஐ மேல வைக்கிற புள்ளி கூடச் சரியான வட்டம் இல்லை. அதனால கோணல்மாணலா ஒட்டினாலும் பொறுத்துக்கும், பனியனில் அவ்வளவு ஓடினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு.

அந்த ஒரே ஒரு எழுத்தைத்தான் நான் 2003-ல் அவர் முன்னாடி ரெண்டு நிமிஷத்தில் அடிச்சுக் காட்டியிருக்கேன். பட்டியலில் இருநூறு எழுத்துரு இருந்தது. அதில் எதையாவது காட்டியிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி ஷீட் கதையையும் சொன்னார், கியூ வால் வெட்டின கதையை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியலை. பாத்திரம் கழுவுறேன்னு எழுந்து போயிட்டேன். தங்கமணி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க, கல்யாணமாகி அன்னைக்குத்தான் முதல்முறையா நான் பாத்திரம் கழுவினேனாம்.

போர்டு பிரச்சினையைத் தீர்த்தது என் பொண்ணு. பெரிய மனுஷங்க ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வச்சிருக்கோம், அவ ஸ்கேலை எடுத்துட்டு வந்து, "தாத்தா, கோடு நான் போடறேன். துணி நீங்க காயப்போடுங்க"ன்னா.

அப்படித்தான் நடந்துச்சு. மூணு நாள். ஹாலில் பழைய பேப்பர் விரிச்சு, பலகையைக் கிடத்தி, மஞ்சள் எனாமல் ரெண்டு கோட்டிங். நான் நூல் பிடிச்சேன், முப்பது வருஷத்துக்கு அப்புறம். அப்பா இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அது மேல வலது மணிக்கட்டை வச்சுக்கிட்டு, நாகரி எழுத்தின் உடம்புகளை மட்டும் சிவப்பில் எழுதினார். குண்டு குண்டா, எண்ணெய்க் கீற்றோட. 'ண'வும் 'ப'வும் 'த'வும் தொப்பையோட வந்து உட்கார்ந்தாங்க, பிள்ளையாருக்குப் பொருத்தமா. பேத்தி தரையில் குப்புறப் படுத்துக்கிட்டு மேல் கோட்டை இழுத்தா. நடுநடுவில் தாத்தா ஒரு காகிதத்தில் 'அ' எழுதிக் காட்டுவார், 'ம' எழுதிக் காட்டுவார், "இதுக்குக் கொடி கிடையாது தாயீ, இது தன் காலில நிக்கும்"னு. அந்த மூணு நாளில் அவ தன் பேரைத் தமிழில் எழுதக் கத்துக்கிட்டா. குண்டு எழுத்தில்தான் இன்னிக்கும் எழுதுவா, சாதாரணமா எழுதச் சொன்னா வராது.

பூஜைக்குப் பக்கத்து வீட்டு அம்மா உகடிச்சே மோதக் கொண்டுவந்து கொடுத்தாங்க. வாழையிலையில், மடிப்பு மடிப்பா. அப்பா ஒண்ணைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நம்மளவிட நல்லா ஷேடு குடுத்திருக்காக"ன்னார்.

அதுக்கப்புறம் டாக்டர்கிட்டக் காட்டினோம். பயப்படுற வியாதி இல்லை, சிலருக்குக் குடும்பவாகில் வர்ற நடுக்கம்னு சொன்னார். மாத்திரை கொஞ்சம் கேட்டுச்சு, பிரஷ் பிடிக்கிற அளவுக்கு இல்லை. (குடும்பவாகுன்னு சொன்னதிலிருந்து நான் காலையில் காபி டம்ளரை எடுக்கும்போதெல்லாம் என் கையைப் பார்க்கிறேன். இதுவரைக்கும் ஒண்ணும் இல்லை.) 2017-ல் அப்பா போயிட்டார், ஊரில்தான். பூனா குளிர் ஒத்துக்கலைன்னு 2013-லேயே திரும்பிப் போயிருந்தார்.

போர்டை ஒரு நாலஞ்சு வருஷம் சொசைட்டியில் வச்சாங்க. அப்புறம் புதுக் கமிட்டி வந்து ஃப்ளெக்ஸ் அடிச்சிட்டாங்க. பலகை பம்ப் ரூமில் கிடந்தது. கேட்டு வாங்கிட்டு வந்து வீட்டில் ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கேன். ஹாலில் மாட்டலாம்னா ஆறடி நீளம், தங்கமணி விடமாட்டேங்கிறாங்க. ஓரத்தில் ப்ளை கொஞ்சம் பிரிஞ்சிருக்கு, பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கு.

போஸ்டர் பார்த்த அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே இழுத்துத் துடைச்சு, போட்டோ எடுத்துப் பொண்ணுக்கு அனுப்பினேன். அவ இப்போ ஹைதராபாத்தில் வேலையில் இருக்கா. பத்து நிமிஷத்தில் போன்.

"அப்பா, நான் போட்ட கோடு 'மோரயா' பக்கம் போகப் போகக் கீழ இறங்குது. தாத்தா சொல்லவே இல்லையே?"

நானும் திரும்பிப் பார்த்தேன். இறங்கிக்கிட்டேதான் போகுது, கடைசி எழுத்துக்கு வரும்போது முக்கால் அங்குலம். எழுத்துகளும் கோட்டோட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு, ஒவ்வொண்ணும், அளந்து வச்ச மாதிரி.